குழா முழுங்கின கற்பூரம்

கரெண்ட்டுதான்னு முடிவு கட்டிட்டாங்க. ஷெட்டு எரிஞ்சு பொகை கூட அடங்கல, அதுக்குள்ள முடிவு கட்டிட்டாங்க. இந்த அனகாபுத்தூர்ல குடிசை எரிஞ்சாலும் கரெண்ட்டு, கடை எரிஞ்சாலும் கரெண்ட்டு. கரெண்ட்டுன்னா வயரிங்கு. வயரிங்குன்னா மகேஷு. மகேஷு யாருன்னா என் தம்பி, கூடப் பொறந்தவன். ஷெட்ட எரிச்சவன்னு அவனுக்குப் பேரு வெச்சாச்சு. வயர்மேனுக்கு அப்படி ஒரு பேரு வந்துச்சுன்னா அதோட முடிஞ்சுது. எவனும் வாசப்படி ஏத்தமாட்டான்.

ஆனா எரிச்சது கரெண்ட்டு இல்ல. நான் கண்ணால பாத்தவ. இத்த யாருகிட்ட சொன்னாலும் என் மூஞ்சிய ஒரு மாதிரி பாக்குறாங்க. நீங்களாவது கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க, கேட்டுட்டு அப்பறம் சிரிக்கிறதுன்னா சிரிங்க.

நான் பொன்னி. பாலகுரு சாரோட ப்ளைவுட் ஷெட்டுல வேலை. பொத்தேரி பக்கம் காலேஜ் பசங்க தங்குற ஹாஸ்டலுங்களுக்குக் கட்டிலு, பீரோ, படிக்கிற மேஜைன்னு எங்க ஷெட்டுலதான் பலகை அறுத்து அனுப்புவோம். அறுக்குறவன் சக்தி. எனக்குக் குழா பாக்குற வேலை.

பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. குழா பாக்குறது இன்னா பெரிய வேலைன்னு ஷெட்டுக்கு வர்றவன் எல்லாம் இப்படித்தான் சிரிப்பான். எம்டிஎஃப்னா மரத்தூள பசை போட்டு அழுத்துன பலகை, அத்த ரம்ப மிஷின்ல குடுத்து அறுத்தா மைதா மாவு கணக்கா தூளு பறக்கும். மூக்குல போவும், கண்ணுல போவும், சோத்து டப்பாவுல போவும். அத்த உறிஞ்சுறதுக்குனு ஒரு மோட்டாரு. மோட்டாரு பக்கத்துல ஆளு ஒசரத்துக்குத் தொங்குற ஒரு துணிப் பை. பிளேடுக்கும் அந்தப் பைக்கும் நடுவுல போறதுதான் குழா. தொடை மொத்தம் இருக்கும், பிளாஸ்டிக்கு, உள்ளார சுருளா கம்பி ஓடும்.

கெடந்தா கெடக்கட்டும்னு வுட்டுட முடியாது அந்தக் குழாய. சக்தி பலகைய தள்ளுவான், அறுத்த பலகை அந்தாண்ட பக்கமா நீளும். குழா குறுக்க வந்துச்சுன்னா பலகை அதுல இடிச்சு ஒதுங்கும், அறுப்பு கோணிக்கும். அதுக்கும் மேல, பலகை பிளேடுல சிக்கி எகிறி வந்து வவுத்துல அடிக்கும். அதனால கூரைக் கம்பியில கயிறு கட்டி, கப்பி மாட்டி, குழாய அதுல தொங்க வுட்டுருப்பேன். பலகை வரசொல்ல கயித்த இழுத்துக் குழாய தூக்கணும். போனதும் எறக்கணும். ரொம்ப மடங்கிச்சுன்னா தூளு அடைச்சுக்கும், ரெண்டு தட்டு தட்டணும். எலி கடிச்ச மாதிரி ஓட்டை வுழும், டேப்பு சுத்தணும். மூணு மிஷினுக்கு ஒரே குழா வேற. இதுல கழட்டி அதுல மாட்டு, அதுல கழட்டி இதுல மாட்டு.

"பொன்னிக்கா குழாய இடுப்புல தூக்கி வெச்சிகினு சோறு ஊட்டும்பா"ன்னு சக்தி கிண்டல் பண்ணுவான். அவனுக்குக் குழா ஆவாது. இடைஞ்சலா கீதுக்கா, கழட்டி வெச்சுட்டு அறுக்கலாம்பான். "அறுடா, நெஞ்சு ரொம்ப மாவு ரொப்பிகினு போய் உன் பொண்டாட்டிகிட்ட தோசை சுட்டுத் தரச் சொல்லு"ன்னு வுடுவேன் ஒரு டோஸு. தலைய குனிஞ்சுகினு பலகைய தள்ளுவான்.

வெயில் காலத்துல அந்தக் குழாய தொட்டா சுளீர்னு அடிக்கும். சக்தி கத்துனான் பாருங்க, "ஐயோ கரெண்ட்டு, கரெண்ட்டு"ன்னு, தெருவே கூடிடுச்சு. மகேஷ கூப்ட்டு வுட்டாங்க. அவன் வந்து டெஸ்டர வெச்சுப் பாத்தான், மோட்டார கழட்டிப் பாத்தான், ஒண்ணும் இல்ல. "தூளு உள்ளார ஒரசிகினு ஓடுதுல்லக்கா, அதுல வர்றது. கம்பளிய ஒதறுனா பட்டுபட்டுனு வரும் பாரு, அந்த மாதிரி. வயர்ல ஒண்ணும் தப்பு இல்ல"ன்னான். குழா நெடுக செம்புக் கம்பிய சுத்தி, அத்த எர்த்துல எறக்கி வுட்டான். அன்னியோட சுளீர் போச்சு.

அப்பறம் இன்னொரு வேலையும் பண்ணி வெச்சான். இந்த சக்தி இருக்கானே, ரம்பத்த போடுவான், உறிஞ்சுற மோட்டார போட மறந்துடுவான். மறந்துடுவானா, டபாய்ப்பான். அதனால ரம்பத்த போட்டாலே மோட்டாரும் தானா ஓடுற மாதிரி ஒரே சுச்சுல மாட்டி வுட்டுட்டான் மகேஷு. பாலகுரு சாருக்கு ஒரே சந்தோசம். "சூப்பர்டா தம்பி"ன்னு முதுகுல தட்டிக் குடுத்தாரு.

என் தம்பிய பத்தி நானே சொல்லக் கூடாது. ஆனா கேட்டுப் பாருங்க இந்த சந்துல. ஆத்துல தண்ணி ஏறுதுன்னா ஜனங்க மொதல்ல போன் போடுறது அவனுக்குத்தான். முட்டிக்கால் தண்ணியில எறங்கி வூடு வூடா மெயின அணைச்சிகினு போவான். பேச்சு வராது. பத்து கேட்டா ஒண்ணு சொல்லுவான். அம்மா போனதுக்கப்பறம் என் கையால சாப்ட்டு வளந்தவன். அந்த வேலைய வுட்டா அவனுக்கு வேற ஒலகமே இல்ல.

இப்போ ஆயுத பூசைக்கு வரேன்.

பாலகுரு சாருக்குக் கல்யாணம் ஆகி வர்ற மொத ஆயுத பூசை. அவரு சம்சாரம் ஜெயஸ்ரீ காலைலயே வந்துடுச்சு, பட்டுப்பொடவை, தலை நெறைய பூ. நல்ல பொண்ணு. என்னை அக்கா அக்கான்னுதான் கூப்புடும், முதலாளி பொண்டாட்டின்னு ஒரு நெனப்பு கெடையாது. நாங்க முந்தின நாளே மிஷின எல்லாம் தொடைச்சு வெச்சோம். பிளேடு மேல கெடக்குற, குழா மாட்டுற மூடிய கழட்டிச் சந்தனம் வெச்சேன். அதனால குழாயோட வாய் சும்மா கயித்துல தொங்கிகினு இருந்துச்சு. அதுக்கும் ஒரு மொழம் பூவ சுத்தி, பொட்டு வெச்சேன்.

பை மட்டும் பாக்கி. ஹாஸ்டல் வேலை முட்டி மோதி முடிச்சதுல பை ரொம்பி வயிறு உப்பிகினு நின்னுச்சு. அத்த அவுத்து கொட்டிட்டு வந்துடலாம்னு கைய வெச்சேன். "ஐயோ அக்கா, வெளக்கேத்தியாச்சு. இனிமே குப்பைய வெளிய தள்ளக் கூடாது, நல்ல நாளும் அதுவுமா. நாளைக்குக் கொட்டிக்கலாம்"னுச்சு ஜெயஸ்ரீ. அது சொன்னதும் ஞாயந்தான. எங்க வூட்லயும் வெளக்கு வெச்சா தொடப்பத்த தொடமாட்டோம். வுட்டுட்டேன்.

பூசை போட்டாரு சாரு. மிஷினுக்குக் கற்பூரம் காட்டணும்னா மிஷினு ஓடணும். அது எல்லாப் பட்டறையிலயும் வழக்கம். ஓடாத மிஷினுக்குக் காட்டுனா பொணத்துக்குக் காட்டுற மாதிரின்னு சொல்லுவாங்க. சக்தி சுச்ச போட்டான். ரம்பம் ஓடுச்சு, கூடவே உறிஞ்சுற மோட்டாரும் ஓடுச்சு. சாரு தட்ட பிளேடுக்கு சுத்திக் காட்டுனாரு, மோட்டாருக்குக் காட்டுனாரு. எல்லாரும் கன்னத்துல போட்டுகினோம்.

"பொன்னி அக்காவோட குழாய்க்கும் காட்டுங்க. அதுதான எல்லாரு நெஞ்சையும் காப்பாத்துது"ன்னு ஜெயஸ்ரீ சிரிச்சிகினே சொல்லுச்சு. எனக்கு அப்படியே குளுந்து போச்சு, பொய் சொல்லல. சாரும் சிரிச்சிகினே தட்ட குழா வாய்கிட்ட கொண்டு போனாரு. சுடர் சாஞ்சுது. விபூதி பறந்துச்சு, குங்குமம் பறந்துச்சு. அதுக்குப் பின்னாலயே கற்பூரக் கட்டி, எரிஞ்சிகினே, விர்ருனு உள்ளார போச்சு. பிளாஸ்டிக்கு வழியா ஒரு பொட்டு வெளிச்சம் ஓடுறத நான் பாத்தேன்.

எல்லாரும் கைய தட்டுனாங்க! "சாமியே வாங்கிகிச்சு சார்!"னு சக்தி கத்துறான். சாருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "எத்தினி வருசம் பூசை போட்டேன், இப்படி ஆனதே இல்ல. எல்லாம் நீ வந்த நேரம்"னு பொண்டாட்டிய பாத்து சொல்றாரு. அந்தப் பொண்ணு வெக்கத்துல செவந்து போச்சு.

"சார், நெருப்பு உள்ளார போயிடுச்சு சார், பை ரொம்பிக் கீது"ன்னேன். மகேஷும் அங்கதான் நின்னான். அவன்தான் பூசைக்கு சீரியல் லைட்டு கட்டுனது. "பைய ஒரு வாட்டி கழட்டிப் பாத்துடலாம் சார்"னான். சாரு பையத் தொட்டுப் பாத்தாரு. என்னையும் தொடச் சொன்னாரு. சில்லுனுதான் இருந்துச்சு. "கற்பூரம் பொன்னி, காத்துல எப்பவோ அணைஞ்சிருக்கும். பூசை போட்டதுக்கு அப்பறம் நாளைக்கு மறுபூசை வரைக்கும் ஆயுதத்துல கைய வெக்கக் கூடாது. தெரியாதா உனக்கு?"ன்னாரு. தெரியும். பொரியும் கடலையும் வாங்கிகினு வூட்டுக்கு வந்துட்டேன்.

ஷெட்ட இருட்டா போட்டுப் பூட்டக் கூடாதுன்னு சீரியல் லைட்ட எரிய வுட்டு ஷட்டர எறக்குனாங்க. சாரும் ஜெயஸ்ரீயும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிட்டாங்க.

சாயந்தரம் இன்னும் வெயில் எறங்கல. வாசல்ல துணி எடுத்துகினு கீறேன், ஒரு வாடை வந்துச்சு. எம்டிஎஃப் கருகுனா வர்ற பசை வாடை. எனக்குத் தெரியாதா அந்த வாடை! போட்டது போட்டபடி ஓடுனேன். ஷட்டர் அடியில குனிஞ்சு பாத்தா, பை இருக்குற மூலை தணலா செவப்பா கீது. சீரியல் லைட்டு பாட்டுக்கு மினுக்கு மினுக்குனு எரிஞ்சிகினு கீது. இத்த நல்லா கேட்டுக்கோங்க. பை எரியுது, லைட்டும் எரியுது. கரெண்ட்டுல பத்திகினு இருந்தா லைட்டு எரியுமா? இத்த நான் எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன்.

சாவி சாருகிட்ட. போன் அடிக்கிறேன் அடிக்கிறேன், எடுக்கல. கோவில்ல கூட்டம், சத்தம் கேட்டிருக்காது. மகேஷு ஓடியாந்தான். வந்தவன் இன்னா பண்ணான், தண்ணி ஊத்துறவன் எவனுக்காவது ஷாக்கு அடிக்கப் போவுதுன்னு கம்பத்துல ஏறி ஃப்யூஸ புடுங்குனான். சந்து ஜனம் மொத்தமும் பாத்துச்சு. ஃபயர் வண்டி வந்துச்சு, சந்துல நொழைய முடியல. மெயின் ரோட்டுல நிறுத்திட்டு தண்ணிக் குழாய இழுத்துகினு ஓடியாந்தாங்க. அவங்க தண்ணி அடிக்கசொல்ல கூரைத் தகரம் வளைஞ்சு உள்ளார வுழுந்துடுச்சு. பூ வெச்ச மிஷினு, அறுத்து அடுக்குன பலகை, என் குழா, எல்லாம் போச்சு. ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் ஆவல, அது ஒண்ணுதான்.

"இன்னாம்மா, கரெண்ட்டா?"ன்னு கேட்டாரு ஃபயர்காரரு ஒருத்தரு, தொப்பிய கழட்டிகினே. "இல்ல சார், கற்பூரம் குழாக்குள்ள போச்சு"ன்னேன். அவரு பக்கத்துல இருந்தவர பாத்தாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. "கற்பூரத்துல கோயில் எரிஞ்சு பாத்துருக்கியாம்மா?"ன்னாரு. அதுக்குள்ள சக்தி வாயத் தொறந்துட்டான். "குழாய தொட்டா ஷாக்கு அடிக்கும் சார். மகேஷுதான் வந்து கம்பி சுத்துனான்"னு. அதான் கத முடிஞ்சுது.

அதுக்கப்பறம் ஒண்ணொண்ணா அவன் தலையிலயே வந்து வுழுந்துச்சு. கம்பி சுத்துனது அவன். ஒரே சுச்சுல ரெண்டு மோட்டார மாட்டுனது அவன், லோடு தாங்கியிருக்காது. சீரியல் லைட்டு கட்டுனது அவன். கம்பத்துல ஏறி ஃப்யூஸ புடுங்குனானே, அவனுக்கே தெரிஞ்சதாலதான புடுங்குனான். ஐயா சாமி! அவன் பண்ண நல்லது எத்தினியோ அத்தினியும் அவனுக்கே எமனா வந்து நிக்குது.

சாரு அவனை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா கூடத் தேவல, நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "கேஸு கீஸு எதுவும் வேணாம். அவனும் தெரிஞ்சா பண்ணான்? நல்ல வேளை, அன்னிக்கு பூசைய மனசார போட்டோம். சாமி கற்பூரத்த வாங்கிகிச்சு, அதனாலதான் ஒரு உசுருக்கும் சேதம் இல்ல"ன்னாரு. நான் இன்னாத்த சொல்றது? அந்தக் கற்பூரந்தான் சார் எரிச்சுதுன்னேன். "வாயக் கழுவு பொன்னி"ன்னாரு. அவரு அப்படி என்கிட்ட பேசி நான் கேட்டதே இல்ல.

சக்திய ஆத்தங்கரை பக்கமா மடக்கிப் புடிச்சேன். நீயும்தான பாத்தடா, நெருப்பு உள்ளார போனதன்னு கேட்டேன். "பாத்தேன்க்கா. ஆனா சாரு வேற எடத்துல ஷெட்டு போடுறாரு, என்னைத்தான் மொத ஆளா கூப்ட்டுருக்காரு. சாமி குத்தம் அது இதுன்னு பேசி எனக்கு எதுக்குக்கா வம்பு"ன்னு ஜகா வாங்கிட்டான்.

ஜெயஸ்ரீகிட்ட போனேன். அது நல்ல பொண்ணு, கேக்கும்னு நெனச்சேன். கேட்டுச்சு, முழுசா கேட்டுச்சு. கேட்டுட்டு என் ரெண்டு கையையும் புடிச்சிகினு அழுதுச்சு. "குழாய்க்குக் காட்டச் சொன்னது நான். குப்பைய கொட்ட வேணாம்னதும் நான். இத்த நீங்க வெளிய சொன்னா எங்க மாமியாரு என்னை வாழ வுடுவாங்களா அக்கா? வந்த வருசமே ஷெட்டு எரிஞ்சுதுன்னு இப்பவே ஜாடை பேசுறாங்க. அவரு ஒருத்தருதான் என்னை தாங்கிகினு கீறாரு"ன்னுச்சு. என் தம்பிய காப்பாத்தணும்னா இன்னொருத்தி வூட்டுப் பொண்ணு தலையில கொள்ளி வெக்கணும். இது இன்னா பொழப்பு, சொல்லுங்க.

மகேஷுக்கு போன் வர்றது நின்னு போச்சு. எதிர் வூட்டுல ஃபேன் ஓடல, பம்மல்லேருந்து வேற ஆளு வந்து பாத்துட்டுப் போறான். என் தம்பி ஜன்னல் வழியா பாத்துகினு கீறான். அவங்க இவன் கண்ணுல படக் கூடாதுன்னு ஆள அவசரமா உள்ளார கூட்டிகினு போறாங்க, அதுவும் ஒரு மரியாதைதான். சாப்பாடு எறங்கல அவனுக்கு. சோத்த பெசஞ்சிகினே கேப்பான்: "அக்கா, அன்னிக்கு ஷெட்டுல சுச்சு மாத்தசொல்ல மெயின் பாக்ஸ்ல ஸ்க்ரூ எல்லாம் டைட்டு பண்ணேன்ல?" பண்ணடா, நான்தான் டார்ச்சு புடிச்சேன்பேன். மறுபடி கேப்பான். எனக்கே பைத்தியம் புடிச்சுடும் போல ஆயிடுச்சு.

அப்போதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நாசமா போன யோசனை.

வூட்டு வாசல்ல தண்ணி தேங்குற எடத்துல கொட்டலாம்னு ஷெட்டு எரியறதுக்கு முன்னாடியே அங்கேருந்து அந்தத் தூளு ஒரு மூட்டை எடுத்தாந்து வெச்சிருந்தேன். எல்லாரையும் கூப்ட்டு, கண்ணு முன்னால கற்பூரத்த போட்டுக் காட்டிடுவோம், எரியுதா இல்லையான்னு அவங்களே பாத்துக்கட்டும்னு நெனச்சேன். ஜெயஸ்ரீ பேர எடுக்க வேணாம். குழா, கற்பூரம், பை, அவ்ளோதான். சாரு காலுல வுழாத கொறையா கெஞ்சி வரவெச்சேன். சக்திய வரவெச்சேன். சந்துல பத்து பேரு சும்மா வந்து நின்னாங்க. மகேஷு வரமாட்டேன்னான், கைய புடிச்சு இழுத்துகினு வந்து நிறுத்துனேன். "வந்து நில்லுடா, இன்னியோட உன்னைப் புடிச்ச பீடை ஒழியட்டும்"னேன்.

பெரிய அலுமினியச் சட்டியில தூள ரொப்பி, நடுவுல குழி பறிச்சு, கற்பூரத்த கொளுத்தி வெச்சு, மேல ரெண்டு கை தூளப் போட்டேன்.

புஸ்ஸுனு ஒரு பொகை வந்துச்சு. அணைஞ்சு போச்சு.

கிளறிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. இன்னொரு கட்டி வெச்சேன். அதுவும் அணைஞ்சுது. தீக்குச்சி வேற பத்தமாட்டேங்குது. மூணாவது வெக்கசொல்ல கூட்டத்துல எவனோ சிரிச்சான். சாரு என் தோளுல கைய வெச்சு, "போதும் பொன்னி. தம்பி மேல பாசம் இருக்கு, அது தப்பு இல்ல. ஆனா போதும்"னு மெதுவா சொல்லிட்டுப் போயிட்டாரு. எல்லாரும் கலைஞ்சுட்டாங்க. திரும்பிப் பாக்குறேன், மகேஷும் இல்ல. எங்கயாவது தனியா குந்திகினு இருப்பான், வருவான்னு வுட்டுட்டேன். சட்டிய கொல்லையில தள்ளிட்டுப் போய் படுத்துகினேன். அழுதேன்னா அப்படி ஒரு அழுகை.

மத்தியானம் தாண்டி எழுந்திருச்சேன். அந்த வாடை. அதே பசை வாடை.

கொல்லைக்கு ஓடுனேன். சட்டி மேல ஒரு நூல் பொகை. குச்சிய வெச்சு கிளறுனா, மேல சும்மா சாம்பல், அடியில தணலு! அத்தினி நேரமும் உள்ளுக்குள்ளயே தின்னுகினு இருந்துருக்கு. எனக்கு வந்த சந்தோசத்த எப்படிச் சொல்லுவேன்! "வந்துடுச்சுடா மகேஷு, வந்துடுச்சு!"னு கத்திகினே துணிய சுத்தி சட்டிய தூக்கிகினு ஓடுனேன். செருப்பு கூட போடல. ஓட ஓட காத்து பட்டு பொகை குபுகுபுனு கெளம்புது, ஜனங்க ஒதுங்கி வழி வுடுறாங்க. எல்லாரையும் பாக்கச் சொல்லிகினே ஓடுனேன்.

சாரு வூடு அடுத்த தெரு. படியேறி உள்ளார நொழைஞ்சேன். ஹால்ல சாரு குந்திகினு கீறாரு. அவருக்கு எதுக்க சேர்ல மகேஷு. கையில காபி டம்ளரு.

"மகேஷு, பாருடா! பொகையுதுடா! சார், இங்க வந்து பாருங்க, காலைல வெச்சது சார் இது!"

மகேஷு சட்டிய பாத்தான். பாத்துட்டு தலைய குனிஞ்சுகினான்.

"வுடுக்கா. நான் சாருகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னாத்தடா சொன்ன?"

"என் தப்புதான்னு. மெயின் பாக்ஸ்ல ஒரு ஸ்க்ரூவ நான் முறுக்காம வுட்டுட்டேன்."

"எவன்டா சொன்னது? நான்தானடா டார்ச்சு புடிச்சேன்! ஒண்ணொண்ணா முறுக்குனியேடா!"

"ஞாபகம் வந்துடுச்சுக்கா." அவன் ரொம்ப நிதானமா பேசுறான், நோயாளிகிட்ட பேசுற மாதிரி. "இத்தினி நாளா நீ சொன்னதத்தான் நம்பிகினு இருந்தேன். உன் மேல சத்தியமா நம்புனேன். காலைல நீ வெச்ச கற்பூரம் அணைஞ்சுது பாரு, மூணு வாட்டியும். அப்பதான் எனக்கு அந்த ஸ்க்ரூ கண்ணு முன்னாடி வந்துச்சு."

"அணையலடா! இதோ பாரு, எரியுதேடா!"

"நீ வூட்ல ஊதிகினு இருந்திருப்பக்கா. வுடு."

நான் ஊதல. நான் அழுதுகினு படுத்திருந்தேன். அத்த நான் சொல்லசொல்ல எனக்கே நம்பற மாதிரி இல்ல, அந்த லட்சணத்துல கத்துறேன். சாரு எழுந்து வந்தாரு. "பையன் அவனா மனசு தெளிஞ்சு வந்து சொல்லிட்டான் பொன்னி. நானும் மன்னிச்சுட்டேன். இனிமே இத்த பேச வேணாம்"னாரு. நெசமாலுமே நல்ல மனுசன். அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல.

ஜெயஸ்ரீ உள்ளேருந்து ஒரு சொம்பு தண்ணிய கொண்டாந்துச்சு. என் மூஞ்சிய பாக்கல. சட்டியில ஊத்துச்சு. சொய்ங்குனு சத்தம் வந்து அடங்கிப் போச்சு.

"கை சுட்டுருக்கும், குடுக்கா"ன்னு மகேஷு சட்டிய என் கையிலேருந்து வாங்கிகினான். வாங்கசொல்ல அவன் மூஞ்சிய பாத்தேன். ரொம்ப நாளைக்கு அப்பறம் மூஞ்சி தெளிஞ்சு கீது. அன்னிக்கு ராத்திரி சோறு கேட்டு வாங்கி சாப்ட்டான். ஸ்க்ரூ முறுக்குனியான்னு அதுக்கப்பறம் என்கிட்ட ஒரு வாட்டி கூட கேக்கல. அவன் சாப்புடுறத பாத்துகினு எதுத்தாப்புல நான் குந்திகினு இருந்தேன், தட்டு காலியாவ காலியாவ சோறு வெச்சிகினே.